மஞ்சள் கோட்டுக்குள் நின்ற டிரம்

வெள்ளைச்சாமி எங்கள் லைன் வீட்டில் நான்காம் நம்பருக்குக் குடிவந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. வந்த அன்றைக்கே சொல்லிவிட்டார், ரெண்டு வருஷம்தான் இருப்போம், அப்புறம் ஊரைப் பார்க்கப் போய்விடுவோம் என்று. ஊர் என்றால் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கரிசல்காடு. அங்கே போய் என்ன செய்வீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது. வாடகைக்கு வருகிறவரை முதல் நாளே மடக்கக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

நான் ரேவதி. பாகலூர் ரோட்டில் எங்கள் மாமனார் தக்காளி போட்ட நிலத்தில் என் வீட்டுக்காரர் கிருஷ்ணப்பன் வரிசையாக ஆறு வீடு கட்டினார். ஓசூரைச் சுற்றிப் பாதி விவசாயிகள் இப்படித்தான் வாடகையை அறுவடை செய்துகொண்டிருக்கிறோம். அதற்கு மழை வேண்டாம், மருந்து வேண்டாம், குழாயில் தண்ணீர் வந்தால் போதும். எங்களுக்கு வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், வாடகைக்காரர்களிடம் தமிழ். திட்டுவதற்கு மூன்றும் வேண்டியிருக்கிறது.

எங்கள் அக்ரிமெண்டில் ஒன்பதாவதாக ஒரு நிபந்தனை உண்டு. வாடகைக்கு இருப்பவர் நிலத்தில் செடி, கொடி, மரம் எதுவும் நடக் கூடாது, மீறி நட்டால் அது வீட்டுக்காரருக்கே சொந்தம். இதற்குக் காரணம் இரண்டாம் நம்பரில் இருந்த முனிவேல். ஆசையாக ஒரு தென்னை வைத்தான். எட்டு வருஷம் கழித்துக் காலி பண்ணும்போது மரத்தை விட்டுவிட்டு எப்படிப் போவேன் என்று கேட்டில் உட்கார்ந்துகொண்டான். மூன்று நாள் உட்கார்ந்தான். நான்தான் சோறு போட வேண்டியிருந்தது. அன்றைக்கு முடிவு செய்தேன், இனிமேல் எவனும் என் மண்ணில் விரலை வைக்கக் கூடாது.

அந்த அக்ரிமெண்டை முழுக்கப் படித்த ஒரே ஆள் வெள்ளைச்சாமிதான். வாசலில் நின்றபடியே அரைமணி நேரம் படித்தார். ஒன்பதாவது நிபந்தனையை மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டு, ரொம்ப நல்ல நிபந்தனை, நமக்கு அதற்கு வேலையே இருக்காது, எல்லாம் தொட்டியில்தான் வைப்போம், போகும்போது தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றார். சொன்ன மாதிரியே ரோஜா, கறிவேப்பிலை, துளசி எல்லாம் பெயிண்ட் டப்பாவிலும் எண்ணெய் டின்னிலும் வைத்தார். கறிவேப்பிலையை டின்னில் வைத்தவரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அது இருபது வருஷமாக ஒரே உயரத்தில் நின்றது.

மனுஷனுக்குக் கம்பெனியில் இன்ஸ்பெக்டர் வேலை. மற்றவர்கள் செய்த வேலையில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். பிறவிக் குணத்துக்கே சம்பளம் கிடைத்தால் விடுவாரா? பல்சக்கரங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, அளந்து, தேறாததன் மேல் சிவப்புச் சீட்டு ஒட்டுவாராம். வீட்டிலும் அதே கதைதான். அவர் சம்சாரம் பவளக்கா இட்லி ஊற்றினால் ஒன்று பெரிதாக இருக்கிறது, ஒன்று சிறிதாக இருக்கிறது என்பார். பவளக்கா, அப்படியானால் பெரிதைச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் பொய் டிக் அடிக்காத ஆள். ஒரு தடவை அவருடைய செக்‌ஷனில் பிரேம்குமார் என்பவன் சரக்கைப் பார்க்காமலே தாளில் சரி, சரி என்று டிக் அடித்துவிட்டான். லாரியில் ஏற்றிய சரக்கை இவர் இறக்கச் சொன்னார். மேனேஜர் இறக்காதே என்றார். இவர் லாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். சரக்கு இறங்கியது. இவரையும் ஆறு மாதம் ஸ்டோருக்குத் தூக்கியடித்தார்கள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அவர் சொன்ன ஒரே வாக்கியத்தைப் பவளக்கா என்னிடம் வந்து சொன்னாள். "பாக்காம டிக் அடிக்கிறவன் திருடனை விட மோசம்."

பவளக்கா கதை வேறு. வந்த புதிதில் கன்னடத்துக்காரர் யாராவது விலாசம் கேட்டால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். பக்கத்து லைனில் தனியாகத் தங்கியிருந்த ஒரு வெல்டருக்குக் காய்ச்சலென்று கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அவர் தேறியதும் மத்தியானச் சாப்பாடும் கேட்டார். அப்படி ஒன்று இரண்டாகி, இப்போது மத்தியானம் இருபத்தாறு டிபன் கேரியர் போகிறது. கன்னடத்துக்காரருக்குக் கன்னடத்தில் பதில், எங்கள் ஆட்களுக்குத் தெலுங்கில், ஒடிசாக்காரர்களுக்குக் கையாலும் கரண்டியாலும். எல்லாருக்கும் பவளம் அக்காதான். அவளே ஒருநாள் சொன்னாள், ஊரில் முப்பது வருஷமானாலும் அவள் வெள்ளைச்சாமி பொண்டாட்டி, கடைசித் தம்பி பெண்டாட்டிக்கு மூத்த ஓரகத்தி, அதற்கு மேல் ஒன்றும் இல்லையாம்.

இவர்களுக்கு நடுவில் வந்து சேர்ந்ததுதான் அந்தச் செடி.

நான்கு வருஷத்துக்கு முன்னால் கம்பெனியில் ஊட்டிக்கு டூர் கூட்டிப்போனார்கள். மற்றவர்கள் வர்க்கியும் தைலமும் வாங்கிவர, இவர் ஓடைக்கரையிலிருந்து ஒரு குச்சியை ஒடித்து ஈர பனியனில் சுற்றிக்கொண்டு வந்தார். தண்ணீர் பாட்டிலில் போட்டதும் வேர் விட்டது. பெயிண்ட் பக்கெட்டில் வைத்தார். வருஷம் திரும்புவதற்குள் பூத்தது. முழ நீளத்தில், குழாய் ஒலிபெருக்கியைத் தலைகீழாகத் தொங்கவிட்ட மாதிரி வெள்ளைப் பூ. சாயங்காலமானால் லைன் முழுக்க வாசனை. நான் கிட்டப் போய்ப் பார்த்ததுமே சொல்லிவிட்டேன், அண்ணா, இது ஊமத்தை ஜாதி, விஷம், இதை வீட்டில் வைப்பார்களா என்று. அவர் போனில் தேடி, இதன் பெயர் புருக்மான்சியா, ஊமத்தை இதற்குச் சித்தப்பன் மகன்தான், தின்றால்தான் விஷம், பார்த்தால் இல்லை என்றார். குழந்தைகள் இருக்கிற லைன், நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று நான் விடவில்லை. மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு பழைய அபாயப் பலகையைக் கொண்டுவந்து தொங்கவிட்டார். மண்டை ஓடு, குறுக்கே இரண்டு எலும்பு, அடியில் 415 வோல்ட். அதிலிருந்து லைன் குழந்தைகள் அந்தச் செடி ஷாக் அடிக்கும் என்று நம்பி அந்தப் பக்கமே போகவில்லை. என் வீட்டுக்காரரும் போகவில்லை.

சண்டை வந்தது போன வருஷத்துக்கு முந்தின ஆயுத பூஜை அன்று. இவர் பல்சக்கரம் அளக்கிற வெர்னியருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருக்கிறார், அவள் கிரைண்டருக்கும் கேஸ் அடுப்புக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறாள். நான் சுண்டல் வாங்கப் போனேன். அடுத்த ஆயுத பூஜைக்கு நாம் ஊரில் இருப்போம் என்று இவர் ஆரம்பித்தார். அதற்குள் ரிட்டயர் ஆகிவிடுவார், அப்பா வீட்டில் அவர் பங்குக்கு ஒரு அறை சும்மா கிடக்கிறது. பவளக்கா, பேரிகை ரோட்டில் ஒரு மனை பார்த்து வைத்திருக்கிறேன், நான் எங்கேயும் வரவில்லை என்றாள். இரண்டு பேரும் நேராகச் சண்டை போட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். மகராசர்கள், செடியை நடுவில் இழுத்தார்கள்.

அவர் சொன்னார், இந்தச் செடியைப் பார், பக்கெட்டில் இருக்கிறது, ஒரு குறையா, எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம், ஆளும் அப்படித்தான் இருக்க வேண்டும். பவளக்கா பொட்டு வைத்த கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"தரையில வச்சாத்தாங்க செடி. டப்பாவுல வச்சா அது லக்கேஜு."

மனுஷனுக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. வெர்னியரைக் கீழே வைத்துவிட்டு, சரி, ட்ரையல் போடுவோம் என்றார். கம்பெனியில் எதிலாவது சந்தேகம் வந்தால் அதுதான் வழியாம். ஒரே செடியிலிருந்து இரண்டு குச்சி, ஒரே உயரம். ஒன்று டிரம்மில், ஒன்று தரையில். ஒரு வருஷம். டிரம் செடி ஜெயித்தால் அவள் வாயைத் திறக்காமல் ஊருக்குக் கிளம்ப வேண்டும். தரைச் செடி ஜெயித்தால் இவர் வாயைத் திறக்காமல் பேரிகை ரோட்டு மனையில் கையெழுத்துப் போட வேண்டும். பவளக்கா உடனே ஒத்துக்கொண்டாள். செடி என்றால் தரையில்தான் வளரும் என்று அவளுக்கு அவ்வளவு நிச்சயம்.

தரை என் தரை. அவள் என்னிடம் வந்து ஒரே ஒரு குழி கேட்டாள். ஒன்பதாவது நிபந்தனை இருக்கிறதே அக்கா என்றேன். செடி உனக்கே சொந்தம், எனக்கு அது பூத்தால் போதும் என்றாள். எனக்கும் அவள் ஊருக்குப் போவதில் துளியும் இஷ்டம் இல்லை. பம்ப் செட் மூலையில் இடம் காட்டினேன். என் வீட்டுக்காரர் குழி தோண்டினார். ஓரடிக்குக் கீழே கடப்பாரை ணங்கென்றது. லைன் வீடு கட்டியபோது மிஞ்சிய ஜல்லியும் சிமெண்ட் கட்டியும் எங்கே போயின என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வேறு இடம் பார்க்கலாம் என்றால் வெள்ளைச்சாமி கேட்கவில்லை. தரை என்றால் இப்படித்தான், அடியில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும், அதுதானே என் கட்சி என்றார்.

டிரம் ஏற்பாடு தனிக் கூத்து. நீல டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்து, அடியில் தண்ணீர் வடிய நான்கு ஓட்டை போட்டு, செம்மண், எரு, மணல் எல்லாம் அளந்து கலந்தார். நாலாம் நம்பருக்குப் பின்னால், ஆறு வீட்டின் துணி துவைத்த தண்ணீரும் போகிற வாய்க்கால் ஓரம், மூன்று செங்கல் வைத்து அதன் மேல் நிறுத்தினார். கம்பெனியில் ஒவ்வொரு சாமானுக்கும் தரையில் மஞ்சள் கோடு போட்டு இடம் குறித்துவிடுவார்களாம், அந்தக் கோட்டைவிட்டு அது ஒரு இஞ்சு நகரக் கூடாதாம். மண்ணில் பெயிண்ட் எப்படி நிற்கும் என்று நான் சிரித்தேன். அடுத்த ஞாயிறு நான்கு இரும்புப் பட்டைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து டிரம்மைச் சுற்றிப் பதித்துவிட்டு, யாரும் டிரம்மைத் தொடக் கூடாது, நகர்த்தக் கூடாது என்று லைன் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போகலாம் என்பதற்காகத்தானே டிரம் என்று கேட்டேன். அது ஜெயித்த பிறகு என்றார்.

அப்புறம் செக் ஷீட். ஒவ்வொரு ஞாயிறும் காலை ஏழு மணிக்கு உயரம், இலை, மொட்டு, பூ, பூச்சி, தண்ணீர் எல்லாம் எழுத வேண்டும். டிரம் தாளில் கடைசிக் கட்டம், தாங்குகல் மூன்று, சரியா இல்லையா. அதற்கும் கீழே சரிபார்த்தவர் என்று ஒரு கோடு. அந்தக் கோட்டில் கையெழுத்துப் போட வேண்டியது நான். வீட்டுக்காரம்மா பொது ஆள் என்று இரண்டு பேரும் சேர்ந்து என் தலையில் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எனக்கு என்ன வேலை இல்லையா? அவர் தாளை நீட்டுவார், நான் அடுப்படியில் நின்றபடியே கி. ரேவதி என்று போட்டுக் கொடுத்துவிடுவேன்.

ஓரவஞ்சனை செய்தார் என்று மட்டும் சொல்ல முடியாது. மார்கழிக் குளிரில் டிரம் செடிக்குப் போர்வை போர்த்தினால், தரைச் செடிக்கும் கொண்டுபோய்ப் போர்த்துவார். இரண்டுக்கும் ஒரே எரு. பொங்கல் வரைக்கும் இரண்டும் சோகைதான். டிரம் செடிக்கு ஒரு நாளைக்கு இரண்டு வேளை தண்ணீர் வேண்டும், ஒரு வேளை தவறினால் மத்தியானமே துவண்டுவிடும். தரைச் செடி ஜல்லியில் முட்டிக்கொண்டு நின்றது, ஆனால் துவளவில்லை. அதனால் பவளக்காவுக்கு நம்பிக்கை இருந்தது.

போகி அன்று இவர் அத்திப்பள்ளியிலிருந்து வரும் மகள் சத்யப்ரியாவையும் மாப்பிள்ளையையும் கூட்டிவர பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தார். மறுநாள் வாசலில் பொங்கல் வைக்க மூன்று கல் வேண்டும். எங்கள் வீட்டில் இருந்த கல்லையெல்லாம் என் வீட்டுக்காரர் மாட்டுக் கொட்டகைக்கு அள்ளிப் போட்டுவிட்டார். பவளக்கா சுற்றிப் பார்த்தாள், டிரம்முக்கு அடியில் மூன்று கல் இருந்தது. நான் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினேன், அவள் ஒவ்வொன்றாக உருவினாள். டிரம்மை மஞ்சள் பட்டைக்கு நடுவில் அச்சு அசலாக உட்கார வைத்தோம், இல்லாவிட்டால் மனுஷன் குதிப்பாரே. கல்லைச் சாணி மெழுகி, சுண்ணாம்பும் காவியும் அடித்ததும் அது எந்தக் கல் என்று எங்களுக்கே தெரியவில்லை. பொங்கல் முடிந்ததும் திரும்ப வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தோம். அப்புறம் மாட்டுப் பொங்கல், அப்புறம் விருந்தாளி. சுத்தமாக மறந்துபோனோம்.

வாய்க்கால் ஓரத்தில் தானாக மண்டியிருந்த பொன்னாங்கண்ணி டிரம்மின் அடியை மூடிவிட்டது. டிரம் ஒரு கல் உயரம் கீழே இறங்கியதை யாரும் பார்க்கவில்லை.

மாசி பங்குனியில் டிரம் செடிக்கு என்ன வந்ததோ, கிடுகிடுவென்று ஏறியது. மத்தியான வெயிலிலும் துவளவில்லை. இலை ஒவ்வொன்றும் முறத்தளவு. வெள்ளைச்சாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. மீன் கழுவிய தண்ணீரும் அரிசி கழுநீரும் அவர் கலந்து ஊற்றுகிற அளவுதான் காரணம் என்று லைனில் எல்லாருக்கும் பாடம் எடுத்தார். ஐந்தாம் நம்பர் கோவிந்தப்பன் அதைக் கேட்டுத் தன் பச்சை மிளகாய்க்கு மீன் தண்ணீர் ஊற்றினார். மிளகாய் செத்தது, பூனை நான்கு வந்தது.

ஆவணியில் டிரம் செடி என் தலைக்கு மேல் மூன்றடி. ஒரே சமயத்தில் எழுபத்து மூன்று பூ. தரைச் செடியில் பதினொன்று. ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் டிரம்முக்கு மாற்றி மாட்டிய அபாயப் பலகைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். பவளக்கா மட்டும் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு நடந்தாள். ஒருநாள் என் அடுப்படியில் வந்து உட்கார்ந்து, நான் செடியை நம்பினேன் ரேவதி, அது என்னைக் கைவிட்டுவிட்டது என்றாள். அந்தத் தாளில் வாராவாரம் கையெழுத்துப் போட்டதே நான்தானே.

ஆயுத பூஜை அன்று தீர்ப்பு, டிரம் ஜெயித்தது. வாக்குக் கொடுத்துவிட்டாள், அவள் மாறவில்லை. ஒவ்வொரு டிபன் கேரியர்காரரிடமும் தனித்தனியாகச் சொன்னாள். ஒடிசாக்காரர் ஒருவர் கேரியரைத் திருப்பித் தரும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், சொல்ல அவருக்கு மொழி இல்லை. நாலாம் நம்பருக்கு ரத்தினவேல் என்று ஒருவரை என் வீட்டுக்காரர் பேசி முடித்துவிட்டார். நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

அடுத்த புதன்கிழமை காலையில் லாரி வந்தது. சாமான் ஏற்ற இரண்டு ஆட்களும், கம்பெனியிலிருந்து பிரேம்குமாரும் வந்தார்கள். அன்றைக்குப் பார்க்காமல் டிக் அடித்து மாட்டிய அதே பிரேம்குமார், இப்போது வெள்ளைச்சாமி இடத்துக்கு அவர்தான் இன்ஸ்பெக்டர். பீரோ, கட்டில், கிரைண்டர், கேஸ் அடுப்பு எல்லாம் ஏறியது. இருபது வருஷத்துக் கறிவேப்பிலை டின்னும் ஏறியது. கடைசியாக டிரம்மைத் தூக்கப் போனார்கள். அதை லாரியின் முன்பக்கம் நிறுத்தி ஊர் வரைக்கும் கொண்டுபோய் இறக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

டிரம் அசையவில்லை. மூன்று பேர் பிடித்தும் அசையவில்லை. இந்தக் காலத்து ஆட்களுக்கு உடம்பில் வலுவே இல்லை என்று வெள்ளைச்சாமி தானும் போய்ப் பிடித்தார். நான்கு பேர் பிடித்தும் அது அப்படியே இருந்தது. ஈர மண், கனம் இருக்கத்தான் செய்யும் என்று சொல்லிக் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். பொன்னாங்கண்ணி பிய்ந்துகொண்டு வந்தது. டிரம் ஒரு பக்கம் அரையடி தூக்கியது. அடியில் நான்கு ஓட்டையிலிருந்தும் நான்கு வேர், ஓட்டையைப் பிளந்துகொண்டு என் மணிக்கட்டுப் பருமனில் இறங்கி, நேராக வாய்க்காலுக்கு அடியில் போயிருந்தது.

நானும் பவளக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். போகி அன்று நெம்பிய அதே கடப்பாரைதான்.

"இங்க மூணு கல்லு இருந்துச்சே," என்றார் வெள்ளைச்சாமி.

அதற்கு மேல் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. பொங்கலுக்கு எடுத்தோம் அண்ணா, திரும்ப வைக்க மறந்துபோனோம் என்று சொல்லிவிட்டேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சுவரில் ஆணியில் தொங்கிய செக் ஷீட் கட்டைப் பார்த்தார். பிரேம்குமார்தான் அதை எடுத்துப் புரட்டினார். பொங்கலுக்குப் பிறகு முப்பத்தெட்டு வாரம். முப்பத்தெட்டுத் தாளிலும் தாங்குகல் மூன்று, சரி. கீழே என் கையெழுத்து. பிரேம்குமாருக்குப் பழி தீர்க்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆனால் அந்த ஆள் கட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய் லாரி டயரில் சாய்ந்து நின்றார்.

லாரி டிரைவர், ஒரு வெட்டு வெட்டினால் வந்துவிடும், நேரமாகிறது என்று கொடுவாளை எடுத்து நீட்டினார். அதுவும் உண்மைதான். நான்கு வெட்டில் வேலை முடிந்துவிடும், லாரி கிளம்பிவிடும். பவளக்கா கொடுவாளையும் பார்க்கவில்லை, புருஷனையும் பார்க்கவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாக்குக் கொடுத்திருந்தாளே, சொல்லவில்லை.

வெள்ளைச்சாமி கொடுவாளை வாங்கவில்லை. பையிலிருந்து வெர்னியரை எடுத்தார். மண்ணில் மண்டி போட்டு வேரை அளந்தார். "முப்பத்தாறு மில்லிமீட்டர்" என்று தனக்குத் தானே சொன்னார். மற்ற மூன்றையும் அளந்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான் கிட்டப் போனேன். என்னிடம்தான் சொன்னார், ஆனால் கேட்டில் நின்றவளுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இருபத்திரண்டு வருசமா ரெண்டு வருசம், ரெண்டு வருசம்னு சொல்லிட்டேன் ஓனரம்மா. ஊர்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். இப்பப் போயி யார்ட்ட தப்புன்னு சொல்றது?"

ஊரில் யாரும் உங்கள் கணக்கை எழுதி வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை அண்ணா என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். எழுந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்புச் சீட்டை எடுத்தார். ரிட்டயர் ஆன பிறகும் அது அவர் பையில் இருந்திருக்கிறது. செக் ஷீட் கட்டின் மேல் ஒட்டி, தேறாது என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார். சரிபார்த்தவர் என்று என்னிடமும் நீட்டினார். இந்தத் தடவை நான் முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

"ட்ரையல் செல்லாது பவளம்," என்றார். "மறுபடி முதல்ல இருந்து போடணும். இன்னொரு வருசம்."

பவளக்கா கேட்டை விட்டுவிட்டுத் திரும்பினாள். அழுவாள் என்று நினைத்தேன். நான்தான் அழுதேன். அவள் லாரிப் பக்கம் கையைக் காட்டி, "அடுப்பை மொதல்ல இறக்குங்க. பன்னெண்டு மணிக்குக் கேரியர் போகணும்" என்றாள்.

ரத்தினவேலைச் சமாதானப்படுத்திக் காலியாக இருந்த இரண்டாம் நம்பருக்கு அனுப்புவதற்குள் என் வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்கிவிட்டது. அன்றைக்கு மத்தியானம் சாம்பாரில் உப்பு இல்லை, ஒருவரும் குறை சொல்லவில்லை.

டிரம்முக்கு ஒன்பதாவது நிபந்தனை பொருந்துமா என்று எனக்கும் வெள்ளைச்சாமிக்கும் ஒரு வாரம் தகராறு. வேர் நிலத்தில் இறங்கிவிட்டது, ஆகையால் செடி எனக்குச் சொந்தம் என்றேன். அப்படியானால் இரண்டு வேளை தண்ணீரை நீங்கள் ஊற்றுங்கள் என்றார். யோசித்துப் பார்த்துவிட்டு, செடி உங்களுக்கே என்று விட்டுக்கொடுத்தேன்.

புது ட்ரையலுக்கு இடம் பார்க்கும்போதுதான் பவளக்கா காயை நகர்த்தினாள். ரேவதி தரையில் வைத்தால் அது ரேவதிக்குச் சொந்தம், டிரம் மட்டும் நமக்குச் சொந்தம், இரண்டும் ஒரே மாதிரி இருந்தால்தானே ட்ரையல் சரியாக இருக்கும், சொந்தத் தரை வேண்டாமா என்று கேட்டாள். மனுஷன் இரண்டு நாள் யோசித்தார். கண்டிஷன் ஒன்றாக இருக்க வேண்டும், அது நியாயம்தான் என்றார். ட்ரையலுக்காகத்தான், வேறு எதற்கும் இல்லை என்று பத்திரம் எழுதுகிறவர் வரைக்கும் சொல்லிவிட்டுப் பேரிகை ரோட்டு மனையில் கையெழுத்துப் போட்டார்.

இந்த வைகாசியில் அங்கே ஒரு அறையும் அடுப்படியும் எழும்பிவிட்டது. பால் காய்ச்சின அன்றைக்கு நான் போயிருந்தேன். தரைச் செடிக்குப் பவளக்காவே குழி தோண்டி வைத்துவிட்டாள். வெள்ளைச்சாமி புது டிரம்மில் மண் நிரப்பி, மஞ்சள் பட்டையெல்லாம் பதித்து, இன்னும் ரெண்டு வருஷத்தில் எப்படியும் ஊருக்குப் போய்விடுவோம் ஓனரம்மா என்று என்னிடம் சொல்லிக்கொண்டே மூன்று செங்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பவளக்கா குறுக்கே போய் அந்த மூன்று கல்லையும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"டிரம்லயே வைங்க," என்றாள். "அடியில கல்லு மட்டும் வேணாம்."

அவர் டிரம்மை மண்ணில் இறக்கி வைத்தார்.